படகுப் படத்தைத் தமதென்று சொன்ன மமா மேக்கு

அட்டைப் பெட்டியில் அரண்மனை கட்டிய அம்மையீர்! காலிப் பால் டப்பாவில் கடிகாரம் செய்து காட்டிய கைவண்ணமே! வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியானால் வீதியில் விளையாடும் பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்குள் இழுத்த வித்தகியே! பர்மியத் திரையில் டோ மே மே என்றும், பிள்ளைகளின் வாயில் அக்கா என்னும் பொருளில் மமா மே என்றும், பபேடான் தெருக்களில் ஃபக்ருன்னிசா லாத்தா என்றும் மூன்று பெயர் பூண்டு, மூன்றுக்கும் மாசு வராமல் காத்த மாண்பே! அகவை அறுபதில் அலுவலகம் விட்டு அகம் திரும்பும் தங்களுக்கு எங்கள் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், மிங்கலாபா!

மூன்று முறையாகவும் வணங்கிவிட்டோம். இனி இம்மடல் தமிழில் மட்டுமே நடக்கும். காரணம் தாங்கள் அறிந்ததே. சாதிக் பாட்சா காக்கா தம் ஜவுளிக்கடையின் மேல்மாடியை ஒரு மணி நேரத்துக்குத் தந்திருக்கிறார், கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லியும் இருக்கிறார். வந்திருப்பவர்கள் தங்கள் வீட்டாரும் நாங்கள் மூவருமே. விளக்குப் பிரிவு நல்லையா, ஒப்பனைப் பிரிவு கமலாட்சி, கடிதப் பிரிவு தஸ்தகீர் ஆகிய எங்களோடு தங்களையும் சேர்த்தால், தொலைக்காட்சி நிலையத்தில் தமிழ் பேசியவர்கள் நால்வர்தாம். மடலை எழுதியவனும் வாசிக்கிறவனும் தஸ்தகீர். இதைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தருவது முறை. தர இயலவில்லை, பொறுத்தருள்க. சட்டக்கடைக்காரருக்கும் தமிழ் படிக்கத் தெரியும்.

பல்லாண்டுப் பணியின் பாங்கறிந்த பெருமாட்டியே!

நேற்று நிலையத்தின் பெரிய கூடத்தில் தங்களுக்கு நடந்த விழாவில் மேலதிகாரி பர்மிய மொழியில் வாசித்த பாராட்டுரை செவிக்கு இனிதாகவே இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுச் சேவை என்றார், சுவர்க்கடிகாரம் தந்தார், கைதட்டினோம். ஆனால் அவருடைய உரை 1998 ஆகஸ்டில் நின்று, 2003 ஜனவரியில் மறுபடி தொடங்கியதைக் கூடத்தில் இருந்த எல்லோரும் கவனித்தோம். நடுவில் நாலரை ஆண்டுகளை, தெருவில் தேங்கிய மழைநீரைத் தாண்டுவது போல லுங்கியைத் தூக்கிக்கொண்டு தாண்டிவிட்டார். அந்த நாலரை ஆண்டுகளைப் பற்றிப் பேசவே இம்மடல். அதைப் பேச மூவரில் எனக்கே கடமை அதிகம். ஏன் என்பது போகப் போகத் தெரியும். மடலுக்குரிய செந்தமிழ் எனக்கு இரண்டு பத்திக்கு மேல் தாங்காது என்பதும் தாங்கள் அறிந்ததே.

தொடக்கத்திலிருந்து சொல்வதே மரியாதை. 1988 ஜனவரியில், மிங்கலா தாங்ஞுன்ட் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த தாங்கள், பாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தீர்கள். பாட வந்த பிள்ளைகள் அழுதார்கள்; அவர்களைச் சிரிக்க வைத்த தங்களைத் தயாரிப்பாளர் பிடித்துக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆட்சியை எதிர்த்து ஊர் கொந்தளித்து நிலையம் மூடிக்கிடந்தது. திறந்தபோது நிகழ்ச்சி செய்ய ஆளும் இல்லை, எழுதிவைத்த தாளும் இல்லை. கிடங்கில் லண்டனிலிருந்து எப்போதோ வந்த பழைய படச்சுருள் சில கிடந்தன. அவற்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பிள்ளைகளுக்குப் பெட்டியில் வீடு செய்து காட்டுகிறார். ஒலி கெட்டுப்போயிருந்ததால் அவர் என்ன சொன்னார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த ஊமைப் படத்தை முப்பது முறை போட்டுப் பார்த்தே தாங்கள் தொழில் கற்றீர்கள். கேமராவுக்குப் பின்னால் ஒரே ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதாக எண்ணிப் பேச வேண்டும். கத்தரியின் கூர்முனை தன் பக்கமே இருக்க வேண்டும். தாமே செய்து முடித்த மாதிரி ஒன்று மேசைக்கு அடியில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். பத்தாண்டுகள் இந்த மூன்று விதிகளும் தவறவில்லை.

கடிதங்கள் வரத் தொடங்கியதும் தங்களால்தான். படம் வரைய வெள்ளைத் தாள் இல்லை என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. ஒரு பக்கம் அச்சான தாளாக இருந்தால் என்ன, மறுபக்கம் சும்மாதானே கிடக்கிறது, அதில் வரையுங்கள் என்று தாங்கள் நேரலையில் சொன்னீர்கள். அவ்வளவுதான், நாட்டிலுள்ள பழைய தாளெல்லாம் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. நாட்காட்டியின் முதுகில் யானை வந்தது, மருந்துச் சீட்டின் முதுகில் மீன் வந்தது, சிமெண்டுப் பையில் ஒரு முழு ரயிலே வந்தது. வாரத்துக்கு முந்நூறு. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் எண் போட்டு, பதிவேட்டில் அதே எண்ணுக்கு நேராகப் பிள்ளையின் பெயர், வயது, முகவரி எழுதுவது என் வேலை. தாங்கள் தேர்ந்த ஏழு படங்கள் தணிக்கைக்குப் போய், ஊதா முத்திரையோடு திரும்பும்; அங்கே பார்ப்பது வரைந்த பக்கத்தை மட்டுந்தான். அவற்றைக் கறுப்பு அட்டையில் ஒட்டுவதும் என் வேலை. ஒட்டும் முன் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பதும் என் வேலை.

1998 ஆகஸ்டில் அந்த வெள்ளிக்கிழமை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

காரணம் சொல்ல வேண்டுமானால் சொல்லலாம். மழை நான்கு நாளாக விடவில்லை, கஞ்சிப்பசை பூத்துவிட்டது, ஒட்டிய ஆறு படமும் காயாமல் அலையலையாக நெளிந்தன. ஏழாவது படம் தணிக்கையிலிருந்து ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் வந்தது. அட்டையில்லாமல் வெறும் தாளாகவே மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். சோம்பேறிக்குச் சாக்கு ஆயிரம் என்பார்கள். எனக்கு இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

நகரோரத்து ஷ்வேப்யிதாவிலிருந்து ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒன்று அனுப்பிய படம் அது. அப்பா தச்சர், அம்மா தையல் ஆலையில் வேலை. அதன் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்தும் எழுதக் கை வரவில்லை. ஆற்றைக் கடக்கும் படகு. அதில் இருபது பேர். இருபது பேருக்கும் ஆளுக்கொரு குடை. ஆனால் வானத்தில் மஞ்சள் சூரியன். தங்களுக்கு மிகவும் பிடித்துப்போய், கடைசியாகக் காட்ட வேண்டும் என்று எடுத்துவைத்த படம்.

தாங்கள் அதைத் தூக்கிப் பிடித்தீர்கள். தலைமுடியில் வெளிச்சம் விழட்டும் என்று நல்லையா அன்றைக்குத் தங்கள் பின்னால் ஒரு விளக்கை உயர்த்திக் கட்டியிருந்தார். அந்த வெளிச்சம் மெல்லிய தாளை ஊடுருவியது. படகுக்கும் குடைகளுக்கும் நடுவே, பின்பக்கத்தில் அச்சாகியிருந்த கொடி ஒன்று தெரிந்தது. கொடிக்குக் கீழே, பத்தாண்டுக்கு முந்தைய அந்த ஆகஸ்டு நாளைக் குறிக்கும் நான்கு எட்டுகள். முந்தைய வாரம் ஊருக்குள் யாரோ இரவோடிரவாக வீசிவிட்டுப் போன துண்டறிக்கை. வைத்திருந்தவனுக்கே ஏழு ஆண்டு சிறை என்று பேசிக்கொண்ட தாள் அது. பிள்ளை அதைத் தெருவில் பொறுக்கி, தாங்கள் சொன்னபடியே சும்மா கிடந்த மறுபக்கத்தில் படகு வரைந்திருக்கிறது.

எதிரே இருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் தாங்கள் பார்த்துவிட்டீர்கள். நாங்களும் பார்த்தோம். நான்கு நொடி என்று நல்லையா இன்றும் சொல்கிறார். படத்தைக் காட்டியவுடன் பிள்ளையின் பெயரும் ஊரும் சொல்வது நிகழ்ச்சியின் வழக்கம், நாடே கேட்கும். பெயரின் முதல் எழுத்துக்குத் தங்கள் உதடு திறந்தும்விட்டது. ஆனால் தாளை மேசையில் படுக்க வைத்து, புன்னகை மாறாமல், இது மமாவே மாதிரிக்கு வரைந்தது, அவ்வளவு நன்றாக வரவில்லை, ஆகவே இதை மடித்துக் கப்பல் செய்வோம் என்று பர்மிய மொழியில் சொன்னீர்கள். அச்சுப் பக்கம் உள்ளே போகும்படி மடித்தீர்கள். மடிக்கும்போதே ஈரக் கட்டைவிரலால் மூலையில் இருந்த என் பென்சில் எண்ணைத் தேய்த்து அழித்தீர்கள். காகிதக் கப்பல் தயாரானதும் பிள்ளைகளுக்குக் கை அசைத்தீர்கள். மாடியில் தொலைபேசி மணி அதற்கு முன்பே அடிக்கத் தொடங்கிவிட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எல்லோரும் விசாரணைக்கு வர வேண்டும் என்றார்கள். பதிவேட்டை அன்று மாலையே அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள்.

அஞ்சா நெஞ்சின் அரசியே! இந்த இடத்தில் தங்கள் வீரத்தைப் பாடி முடித்துவிட்டால் மடலும் அழகாக இருக்கும், எனக்கும் நிம்மதியாக இருக்கும். முடியவில்லை. மறுநாள் காலை அந்த அறையில் நடந்ததைத் தங்களிடம் சொல்ல எனக்குப் பன்னிரண்டு ஆண்டாகிவிட்டது.

முதலில் தாங்கள் உள்ளே போனீர்கள். படம் என்னுடையது, பபேடானில் பயாஜோ வடை மடித்துக் கொடுத்த தாள், பின்னால் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அடுத்து நல்லையா, விளக்கு எப்போதும் போலத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தார். உயர்த்திக் கட்டியதைச் சொல்லவில்லை. அதற்காக அவர் இப்போதும் தங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவதாக நான். மேசையில் காகிதக் கப்பலைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதிகாரி மரியாதையானவர், தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். பதிவேட்டை விரித்து, அந்த வாரத்து முந்நூறு பெயர்களையும் என் பக்கம் திருப்பி வைத்தார். படத்துக்கும் பெயருக்கும் இருந்த ஒரே தொடர்பு அந்த எண். தாளில் அது அழிந்துவிட்டது. மிச்சம் இருந்தது என் தலைக்குள் மட்டுந்தான். இந்தப் படம் இதில் இருக்கிறதா என்றார். நினைவில்லை என்றேன். என் இரண்டு பிள்ளைகளும் படிக்கிற பள்ளியின் பெயரை அவர் சொன்னார்.

நான் 214 என்ற எண்ணில் விரலை வைத்தேன்.

வாய் திறந்து பெயரைச் சொல்லவில்லை. வாயால் சொல்லவில்லையே, விரல்தானே வைத்தேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜீப்பு ஷ்வேப்யிதாவுக்குப் போயிற்று. அது திரும்பிவரும் வரை ஐந்து மணி நேரம் நான் கழிவறைக்கும் கடிதப் பிரிவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். திரும்பியது, ஆள் இல்லாமல். வீடு காலி, அடுப்பு மட்டும் கிடந்ததாம், எங்கே போனார்கள் என்று அண்டை அயலாருக்குத் தெரியவில்லையாம். அல்லாஹ் காப்பாற்றினான் என்று அழுதேன். அவன் யாரைக் கொண்டு காப்பாற்றினான் என்று அப்போது யோசிக்கவில்லை.

தங்களைப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். உங்கள் படம்தானே, மறுபடி வரையுங்கள் பார்ப்போம் என்று தாளும் கலர் பென்சிலும் கொடுத்தார்களாம். படகு, அதில் இருபது தலை, இருபது குடை, மேலே மஞ்சள் சூரியன் என்று ஒன்று குறையாமல் வரைந்து கொடுத்தீர்களாம். எங்களுக்கு அது வியப்பில்லை. பிள்ளைகள் அனுப்பும் ஒவ்வொரு படத்தையும் தாங்கள் எத்தனை நேரம் பார்ப்பீர்கள் என்று கூடவே நின்று அலுத்தவர்கள் நாங்கள். என் விரல் சொன்னது ஒன்று, தங்கள் கை வரைந்தது வேறொன்று. கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தக் குடும்பமும் கையில் அகப்படவில்லை. வெளியே விட்டார்கள். ஆனால் இனி முகம் திரையில் வரக்கூடாது என்று ஒலிநாடாக் கிடங்குக்கு அனுப்பினார்கள். நாலரை ஆண்டு அங்கே உட்கார்ந்து, பழைய நாடாக்களில் பூத்த பூஞ்சையைப் பஞ்சால் துடைத்தீர்கள்.

2003இல் புதிதாக வந்த தயாரிப்பாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். முகம்தானே கூடாது, குரலுக்குத் தடை இல்லையே என்று ஒரு துணி யானைப் பொம்மைக்குத் தங்களைப் பேச வைத்தார். ஒரு வாரத்தில் கடிதங்கள் வந்தன. யானைக்கு அல்ல, மமா மேக்கு. நிலையத்தில் அதிகாரிகளுக்குத் தெரியாததெல்லாம் நாட்டில் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அந்த யானையின் குரலோடேதான் நேற்று ஓய்வு பெற்றீர்கள்.

இவ்வளவும் ஊரறிந்தது, இனி சொல்வது எங்களில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. கிடங்கில் தாங்கள் இருந்த அந்த ஆண்டுகளில் தினமும் காலை பத்து மணிக்கு நான் தேநீர் கொண்டுவருவேன். தாங்கள் வாங்கிக் குடிப்பீர்கள். என் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பீர்கள். அன்று அறையில் என்ன சொன்னாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கவில்லையா, தெரிந்து கேட்கவில்லையா என்று ஒவ்வொரு நாளும் யோசித்துக்கொண்டே கோப்பையை நீட்டுவேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாய்வரை வரும். சர்க்கரை போதுமா லாத்தா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

போன மாதம் இம்மடலுக்கு என்ன எழுதலாம் என்று மூவரும் தேநீர்க் கடையில் உட்கார்ந்தபோதுதான் கமலாட்சி பேசினார். பன்னிரண்டு ஆண்டு, கட்டிய கணவரிடம்கூட அவர் சொல்லவில்லை. அன்று நிகழ்ச்சி முடிந்ததும் ஒப்பனையைத் துடைக்க அவர் பஞ்சை எடுத்தாராம். நேரமில்லை என்று முழு ஒப்பனையோடே தாங்கள் பின்வாசல் வழியாக இறங்கினீர்களாம். விட மனமில்லாமல் அவரும் குடையை எடுத்துக்கொண்டு கூட வந்தாராம். நாட்டில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த முகத்தை வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஷ்வேப்யிதா போக வேண்டும்! பேருந்தில் ஏறியதுமே ஒரு சிறுமி மமா மே என்று கத்திவிட்டாளாம். தாங்கள் அவளை மடியில் உட்கார வைத்து, பயணச்சீட்டில் பறவை செய்து கொடுத்தீர்களாம். மடிப்பு நேராக வராமல் இரண்டு முறை பிரித்து மடித்தீர்களாம். அவள் அம்மா எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, சாவு வீட்டுக்கு என்று சொன்னீர்களாம்.

பதிவேட்டில் பார்த்து மனத்தில் வைத்திருந்த முகவரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாய் ஆலையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாராம். கால்மணி நேரம் பேசினீர்கள். விடிவதற்குள் பதெயினுக்குப் போகும் லாரியில் குடும்பம் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி பார்க்கும் அந்தப் பிள்ளை அன்று மழையில் போகவில்லை, நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. புறப்படும்போது தங்கள் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டதாம், என் படம் வந்ததா என்று. வந்தது, எல்லாவற்றிலும் அதுதான் நன்றாக இருந்தது என்றீர்களாம். அந்தப் பிள்ளை இப்போது பதெயினில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பதாகக் கமலாட்சி சொன்னார்; அதைக் கேட்டு நான் கடையிலேயே எழுந்து நின்றுவிட்டேன்.

அதன்பிறகு அவர் சொன்னதைத்தான் இந்த மடலில் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். போகும் வழியில், பேருந்தில், கமலாட்சி தங்களிடம் கேட்டிருக்கிறார். எண்ணைத்தான் அழித்துவிட்டீர்களே, இனி அது தஸ்தகீர் பாய்க்கு மட்டும்தானே தெரியும், அவர் நம்ம ஆள், காட்டிக்கொடுப்பாரா, எதற்கு இந்த மழையில் இவ்வளவு ஆபத்து என்று. அதற்குத் தாங்கள் சொன்னதைக் கமலாட்சி ஓர் எழுத்து மாறாமல் வைத்திருந்தார்.

“அவரு குடுத்துருவாரு கமலாட்சி. ரெண்டு புள்ளைய வச்சிருக்காரு. எம் புள்ளயச் சொல்லிக் கேட்டா நானும் குடுத்துருவேன். அவரக் கேக்குறதுக்கு முன்னாடி நாம போயிரணும், அவ்வளவுதான்.”

லாத்தா! நான் விரல் வைப்பதற்குப் பதினான்கு மணி நேரத்துக்கு முன்பே அது தங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பன்னிரண்டு ஆண்டு என் கையால் தேநீர் வாங்கிக் குடித்திருக்கிறீர்கள். என் மகள் பத்தாவது தேறியபோது கைலி எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். நான் வெட்கப்பட வேண்டியதையெல்லாம் எனக்கு முன்பே தாங்கள் எடைபோட்டு, அது மன்னிக்கக்கூடியதுதான் என்று முடிவும் செய்து, பேருந்துக் கூலியையும் தங்கள் பையிலிருந்தே கொடுத்திருக்கிறீர்கள். இதற்கு என்ன பட்டம் சூட்டுவது என்று தமிழில் தேடினேன். எனக்குத் தெரிந்த தமிழில் இல்லை.

பிரியாவிடை மடல்களில், எங்கள்மீது தாங்கள் வைத்த நம்பிக்கைக்கு நன்றி என்று ஒரு வரி எழுதுவது வழக்கம். நானும் அப்படித்தான் எழுதினேன், எழுதி அடித்துவிட்டேன். அன்று மாலை தாங்கள் என்னை நம்பி வீட்டுக்குப் போயிருந்தால், மறுநாள் அந்த ஜீப்பு ஆளோடு திரும்பியிருக்கும். என்னை நம்பாமல் மழையில் இறங்கிப் போனதற்கு நன்றி, லாத்தா.

நோயின்றி, மூட்டுவலியின்றி, அறுபதுக்கு மேல் இன்னும் ஓர் அறுபது கண்டு, பேரப்பிள்ளைகளுக்குப் பெட்டியில் வீடு கட்டி, அந்த வீடுகளில் தாங்களும் நிம்மதியாகக் குடியிருக்க, அவரவர் வழியில் அவரவர் இறைவனை வேண்டி நிற்கும்,

நல்லையா, விளக்குப் பிரிவு
கமலாட்சி, ஒப்பனைப் பிரிவு
தஸ்தகீர், கடிதப் பிரிவு

பபேடான், யாங்கூன்
மார்ச் 2010